பட்டமும் வேண்டும், பந்தும் வேண்டும்!

 

நீராவிப்பிட்டியிலோ, பட்டாணிச்சூரிலோ, நாச்சிக்குடாவிலோ உங்கள் வீடு இருக்கிறது. ஒரே கிழமையில் அந்த வீட்டுக்கு இரண்டு செய்திகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள் என்பது. இரண்டாவது, அவள் தேசிய வலைப்பந்தாட்டக் குழாமின் பயிற்சிக்குக் கொழும்புக்கு அழைக்கப்பட்டிருக்கிறாள் என்பது.

முதல் செய்திக்கு என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மா கண் கலங்குவார். அயல் வீடுகளுக்கு இனிப்புப் போகும். பள்ளியில் வாப்பாவைக் கண்டவர்கள் கைகொடுப்பார்கள். இரண்டாவது செய்திக்கு? வீடு மௌனமாகும். பிறகு அந்தக் கேள்வி வரும்: "படிப்பா, விளையாட்டா? ரெண்டில் ஒன்றைச் சொல்லு மகள்."

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு நம் சமூகத்தில் அபூர்வம். ஆனால், இந்தக் கேள்வியே சரியானதுதானா? அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறோம்.

பயம் நியாயமானதே

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நம் நாட்டில் அரச பல்கலைக்கழக இடம் என்பது இலேசில் கிடைக்கும் ஒன்றல்ல. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்கே அது கிடைக்கிறது. கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்டு அனுமதியில் தனி ஒதுக்கீடு பெற்ற 16 மாவட்டங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றுமே அடங்கும். அந்த ஒதுக்கீடு ஏன் வந்தது என்று வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கூரையில்லாத வகுப்பறை, ஆசிரியர் இல்லாத விஞ்ஞானப் பாடம், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாறிய பாடசாலை என எல்லாவற்றையும் தாண்டித்தான் இங்கே ஒரு பிள்ளை அந்த இடத்தைப் பிடிக்கிறது.

நம் முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னுமொரு காயமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, புத்தகப் பையைக்கூட எடுக்க முடியாமல் வந்த சிறுமிகள் எத்தனை பேர்! புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்! இன்று அவர்கள்தான் உம்மாக்கள், உம்மம்மாக்கள். தன் கையிலிருந்து பறிபோன படிப்பு மகளின் கைக்கு வந்திருக்கும்போது, "பந்து விளையாடப் போய் அதையும் தொலைத்துவிடாதே" என்று ஒரு தாய் பதறுவது இயற்கை. அந்தப் பதற்றத்தை எள்ளி நகையாட யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் சகோதரிகளே, பயம் நியாயமானது என்பதால் முடிவும் நியாயமானதாகிவிடாது. இரண்டையும் செய்து காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறார்.

புன்னாலைக்கட்டுவனிலிருந்து ஆசியா வரை

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1979இல் பிறந்தவர். உயரம் 6 அடி 10 அங்குலம்! சிறு வயதில் இந்த உயரத்துக்காகக் கேலி பேச்சுக் கேட்டவர். நம் ஊர்களில் ஒரு பெண் பிள்ளை கொஞ்சம் உயர்ந்துவிட்டாலே, "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று தொடங்கிவிடுகிறார்களே, அதைப் போன்ற சூழலில் வளர்ந்த பெண் என்று எண்ணிப் பாருங்கள்.

வலைப்பந்தாட்டத்தில் வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். அணிக்கு ஏழு பேர். அதில் இருவருக்கு மட்டுமே கோல் போட அனுமதி. பந்தைக் கையில் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஊரார் குறையாகச் சொன்ன அதே உயரத்தை இந்த ஆட்டம் நிறையாக்கியது. அல்லாஹ் ஒருவருக்குக் கொடுத்ததைக் குறை என்று சொல்ல நாம் யார்?

தர்ஜினி மட்டக்களப்பு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். அதே தர்ஜினிதான் தேசிய அணியில் இடம்பிடித்து, 2009இல் இலங்கை ஆசிய சாம்பியனானபோது அந்த அணியில் நின்றவர். வன்னியில் போர் முடிந்த ஆண்டும் அதுதான். 2018 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இலங்கை 69க்கு 50 என்ற கணக்கில் சிங்கப்பூரை வென்று கிண்ணத்தை மீண்டும் கைப்பற்றியபோதும் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 300க்கும் அதிகமான கோல்களைப் போட்டார். அவுஸ்திரேலியக் கழக அணிகளும் அவரை அழைத்து ஆட வைத்தன. பெரும்பாலும் சிங்களம் பேசும் வீராங்கனைகளைக் கொண்ட அணியில், தமிழ் பேசும் ஒரு பெண் பாஷையையும் கற்று, பாடத்தையும் முடித்து, பந்தையும் பிடித்தார். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

வன்னி மண்ணிலும் வீராங்கனைகளுக்குக் குறைவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானில் கிக் பொக்ஸிங் போட்டியில் தங்கம் வென்றார். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கங்களோடு வந்தார். முள்ளியவளைக்கும் நமது தண்ணீரூற்றுக்கும் எவ்வளவு தூரம்? நடந்து போகும் தூரந்தான்! மண்ணும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. நம் பிள்ளைகளின் கால்களில் மட்டும் பலமில்லையா என்ன?

விளையாட்டு சோறு போடுமா?

"அதெல்லாம் சரி, வலைப்பந்து நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். ஒளிவு மறைவின்றிச் சொல்வதானால், பெரும்பாலும் போடாது.

வலைப்பந்தாட்டத்தின் சர்வதேச விதிகளை ஒழுங்குபடுத்தும் கூட்டம் 1960இல் நம் இலங்கையிலேயே நடந்தது. அவ்வளவு பழைய உறவு! ஆயினும் ஒலிம்பிக்கில் இன்றுவரை இந்த விளையாட்டு இடம்பெற்றதில்லை. கிரிக்கெட்டில் புழங்குவது போன்ற பணமும் இதில் இல்லை. உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். நம் தமிழ்ச் சனங்கள் இலட்சக்கணக்கில் வாழும் கனடாவில் ரிங்கெட் என்றொரு விளையாட்டு உண்டு. பனித்தரையில் சறுக்கியபடி, நேரான கோலால் ஒரு இறப்பர் வளையத்தைத் தள்ளி ஆடுவது. பெண் பிள்ளைகளுக்கென்றே 1963இல் ஒன்டாரியோ மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. அதற்கு உலகப் போட்டியும் இருக்கிறது. ஆனால் ஒலிம்பிக்கில் இடமில்லை, பிழைப்புக்கு வழியுமில்லை. ஆகவே நாட்டுக்காக ஆடும் பெண்கள்கூடப் படிப்பையோ தொழிலையோ கைவிடாமலேதான் ஆடுகிறார்கள். காலையில் விரிவுரை, இரவில் பயிற்சி, பிரயாணத்தில் புத்தகம்.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் என்ன? "பணம் வராது, எனவே விட்டுவிடு" என்பதல்ல. "பணம் வராது, எனவே படிப்பை விடாதே" என்பதே. முழங்கால் ஒரு நாள் வழுக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். பட்டம் அப்படி முடியாது. ஆனால் தோல்வியைத் தாங்குவதும், நேரத்தை மதிப்பதும், ஏழு பேரில் ஒருத்தியாக நின்று உழைப்பதும் விரிவுரை மண்டபத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. அவை மைதானத்தில் கிடைக்கின்றன. போர் கண்ட மண்ணில், மனதில் பாரத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓடுவதும் சிரிப்பதும் ஒரு மருந்து என்பதையும் மறக்க வேண்டாம்.

உம்மா தெரிவு செய்த விளையாட்டு

"உடை? மார்க்கம்?" என்ற கேள்விக்கு வருவோம். இதுதான் நம் வீடுகளின் முதற் கேள்வி. அது முதற் கேள்வியாக இருப்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் தாய் தன் மகளுக்கு உடலை மறைத்து ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காரில் போகும்போது, பாடசாலை ஒன்றில் பிள்ளைகள் நீளக் காற்சட்டையும் முகமூடியும் அணிந்து வாட்சண்டை பழகுவதைக் கண்டார். "இதுதான்!" என்று முடிவு செய்தார். அந்த மகள்தான் இப்திஹாஜ் முஹம்மத். டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படித்துக்கொண்டே வாள் வீசி, 2007இல் பட்டம் பெற்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு போட்டியிட்டு அணிக்கான வெண்கலப் பதக்கத்தையும் வென்றார். அந்த வீட்டில் உம்மா 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'எது பொருந்தும்?' என்று கேட்டார். அந்த ஒரு சொல்லின் வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்!

இன்னொருவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஸஹ்ரா லாரி. பாலைவன நாட்டில் பனிச்சறுக்குப் பழகியவர்! விடியற்காலையில் பயிற்சி, பிறகு படிப்பு, மாலையில் மறுபடியும் பயிற்சி. அபூதாபிப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் சுகாதாரத் துறையில் படித்தார். 2012இல் இத்தாலியில் முக்காட்டோடு போட்டியிட்டபோது அந்த முக்காட்டுக்காகவே புள்ளி குறைத்தார்கள். அவர் முக்காட்டையும் கழற்றவில்லை, சறுக்குவதையும் விடவில்லை. சங்கத்தோடு பேசி நிலைமையை மாற்றினார்.

இப்படிப் பலர் பொறுமையோடு நின்றதால் விதிகளும் மாறின. உதைபந்தாட்டத்தில் தலை மறைப்புக்கு 2014இல் அனுமதி கிடைத்தது. கூடைப்பந்தாட்டத்தில் 2017இல் தடை நீங்கியது. வலைப்பந்தாட்டத்தில் மலேசிய, புருணை வீராங்கனைகள் முக்காடும் நீளக் கையும் அணிந்து ஆடுவதை ஆசியப் போட்டிகளில் காணலாம். 1993இலிருந்து சில தடவைகள் ஈரானில் பெண்களுக்கெனத் தனியான இஸ்லாமிய விளையாட்டு விழாவும் நடந்தது. வழி தேடுபவருக்கு வழி இருக்கத்தான் செய்கிறது.

நம் பெருமானார் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பிரயாணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். முதல் முறை அன்னையார் முந்தினார்கள். சில காலம் கழித்துப் பெருமானார் முந்தினார்கள். மார்க்கத்தில் மாபெரும் கல்விமானாக விளங்கிய அதே அன்னையார்தான் ஓடவும் செய்தார்கள். கல்வியும் ஓட்டமும் பகையென்று நமக்கு யார் சொல்லித் தந்தது?

168 மணித்தியாலங்கள்

சரி, நேரம் எங்கே இருக்கிறது? வாருங்கள், கணக்குப் பார்ப்போம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலங்கள்.

நாளொன்றுக்கு 7 மணி நேரம் நித்திரை என்றால் 49. விரிவுரையும் செய்முறையும் 30. தானாகப் படிக்க நாளுக்கு 3 மணி வீதம் 21. பயிற்சி ஆறு நாளைக்கு 2 மணி வீதம் 12. ஐவேளைத் தொழுகையும் ஓதலும் 9. சாப்பாடு, குளிப்பு, உடுப்புத் துவைப்பு 21. கூட்டினால் 142. மிச்சம் 26 மணித்தியாலங்கள்!

ஆகவே நேரம் இருக்கிறது. ஆனால் அந்த 26 மணித்தியாலங்கள் யாரிடம் போகின்றன? இதை நம் நெஞ்சில் கைவைத்துக் கேட்போம். மகன் பந்தடித்துவிட்டு வியர்த்து வந்தால், "இந்தா வாப்பா, தேத்தண்ணி" என்று நீட்டுகிறோம். மகள் பயிற்சி முடிந்து வந்தால், "இவ்வளவு நேரமும் எங்கே? தேங்காய் திருவ ஆளில்லை" என்கிறோம். விடுமுறைக்கு வந்த நானா மதியம்வரை தூங்கலாம். அதே விடுமுறைக்கு வந்த தங்கைக்குக் குசினி காத்திருக்கிறது. பரீட்சையில் மகள் சறுக்கினால் பழியைப் பந்தின்மேல் போடுகிறோம். அம்மியையும் அடுப்பையும் யாரும் விசாரிப்பதில்லை!

வீட்டு வேலை இழிவு என்று சொல்ல வரவில்லை. பெருமானார் அவர்களே வீட்டு வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்றால், அதில் இழிவு ஏது? அதைப் பங்கு போடுங்கள் என்றே சொல்கிறோம். படிப்பையும் விளையாட்டையும் சமநிலையில் வைப்பது அந்தப் பிள்ளையின் தனிப் பொறுப்பென்று நினைக்கிறோம். தராசின் ஒரு தட்டை அவள் பிடித்திருக்கிறாள், உண்மைதான். மற்றத் தட்டைப் பிடித்திருப்பது வீடு.

பல்கலைக்கழகத்தில் கவனிக்க வேண்டியவை

வன்னிப் பிள்ளைகளுக்கு இன்று வாசலிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. எங்கே படித்தாலும் சில காரியங்களை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, சேர்ந்த கிழமையிலேயே உடற்கல்விப் பிரிவுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தான் எந்த மட்டத்தில் ஆடுகிறாள் என்பதைச் சான்றிதழ்களோடு சொல்லட்டும். பின்னர் விடுமுறை கேட்கும்போது அவளுக்காகப் பேச ஒருவர் இருப்பார்.

இரண்டாவது, வரவு. பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அரையாண்டுப் பருவம் ஏறத்தாழ 15 கிழமைகள். மூன்று கிழமை போனால் எல்லை வந்துவிடும். எனவே சும்மா வகுப்பை விடுகிற பழக்கம் மற்றவர்களுக்கு இருக்கலாம், தேசிய அணிப் பிள்ளைக்கு இருக்கவே கூடாது. அவள் அந்த நாட்களைப் பயிற்சி முகாமுக்காகச் சேமித்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, மிக முக்கியமானது. பரீட்சையும் போட்டியும் ஒரே நாளில் வந்தால், சொல்லாமல் போய்விடக் கூடாது. காரணத்தைப் பல்கலைக்கழகம் முறைப்படி ஏற்றுக்கொண்டால், பிறகு எழுதுவதையும் முதல் தடவையாகக் கணிக்க வழியுண்டு. இல்லாவிட்டால் அது மீள்பரீட்சை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் புள்ளிக்கு எல்லை கட்டிவிடுவார்கள், வகுப்புச் சித்தியும் போய்விடும். ஒரு கடிதம் எழுதச் சோம்பியதால் முதல் வகுப்பை இழக்கலாமா? நாட்டின் பெயரில் வெளிநாடு செல்லும் அணிக்கு, 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். ஆகவே உத்தியோகபூர்வக் கடிதம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் பிரதியைப் பீடாதிபதிக்குப் போகும் முன்னரே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வைக்கட்டும்.

நான்காவது, நல்ல தோழி ஒருத்தி. விரிவுரைக் குறிப்புகளை எடுத்து வைக்கும் தோழி, அணித்தலைவிக்குச் சமமானவள். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு சுமார் 250 கிலோமீற்றர். இரவு ரயிலில் போகும் அந்த நேரம் வீணாகாமல், அவளது குறிப்புகள் மடியில் இருக்கட்டும்.

தொழுகை, நோன்பு, பயணம்

பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யவும் அனுமதி உண்டு. இந்தச் சட்டங்களை மகள் வெளிக்கிடும் முன்னரே படித்துக்கொள்ளட்டும். சலுகை தெரியாததால் தொழுகையையே விட்டவர்களும் இருக்கிறார்கள். மஹ்ரம் துணை, ஆண் பயிற்றுவிப்பாளர், உடையின் அளவு போன்றவற்றில் வாப்பாவும் உம்மாவும் ஊரின் விளக்கமுள்ள ஆலிமிடம் நேரில் கேளுங்கள். சங்கத்திடமும் கேளுங்கள்: பெண் பொறுப்பாளர் உண்டா? தங்குமிடம் எது? ஹலால் உணவு கிடைக்குமா? நீளக் கை அணியலாமா? கேட்பது உங்கள் உரிமை. கேட்காமலே 'முடியாது' என்று கதவை அடைப்பதுதான் தவறு. ஒருவேளை பதில் திருப்தி தராமல் இந்தத் தடவை போக முடியாமலும் ஆகலாம். அப்போதும், விசாரித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்பது மகளுக்குத் தெரிந்திருக்கும். அவள் மனம் அதைப் பொறுத்துக்கொள்ளும். விசாரிக்காத மறுப்பைத்தான் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறப்பதில்லை.

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை. வீடு உனக்கு வழிவிட்டால் அது ஓர் அமானிதம். பந்தைச் சாட்டி பாடத்தையோ, பாடத்தைச் சாட்டி தொழுகையையோ விட்டுவிடாதே. நீ சரியாக நடந்தால், உனக்குப் பின்னால் வரும் பத்துத் தங்கைகளுக்குக் கதவு திறக்கும். நீ தவறினால், அவர்களுக்கும் சேர்த்துக் கதவு மூடப்படும். பாரமான பொறுப்புத்தான். ஆனால் முதலில் நடப்பவருக்கு எப்போதும் அப்படித்தான்.

சகோதரிகளே, அந்த இரண்டு செய்திகளும் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில், இரண்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். 'எதை விடுவாய்?' என்று கேட்காமல், 'நாங்கள் எதைச் செய்து தரட்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். அன்றிரவு அந்தத் தேங்காயை நானா திருவட்டும்!

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெண் பிள்ளைகளின் அறிவையும் ஆரோக்கியத்தையும் மானத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.